இதயத்தின் வெளிப்பக்கம்

என் கணவர் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். மாரடைப்பு வந்து பிழைத்த இரண்டாம் வருடம், வேலை நடுவில் மேசைமேலேயே சாய்ந்துவிட்டார். கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இதயம் தறிகெட்டு அடித்துக்கொண்டிருந்தது. ஷாக் கொடுத்துத்தான் அடக்கினார்கள்.

மாரடைப்பில் செத்த தசை தழும்பாகியிருக்கிறது, அதற்குள் உயிரோடு மிச்சமிருக்கும் மெல்லிய இழைகளில் மின்சாரம் சுற்றிச் சுற்றி வருகிறது என்றார் டாக்டர். தொடை வழியாக மெல்லிய கம்பியை விட்டு, இதயத்தை இடம் இடமாகத் தொட்டு, கம்ப்யூட்டரில் வரைபடம் எடுத்து, அந்த வழியைச் சூடு வைத்து அடைக்க வேண்டுமாம்.

"ஏனுங்க, பயமா இருக்குதுங்களா?"

"மார்க் பண்ணாம துணிய வெட்டுவாங்களா? அதாட்டந்தான் இதுவும். நீ சாப்பிட்டியா?" என்றார்.

காலையில் உள்ளே போனவரைச் சாயங்காலம்தான் வெளியே கொண்டுவந்தார்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அவருடைய இதயம் அதில் மெல்லச் சுழன்றது. நல்ல தசை ஊதா, தழும்பு சிவப்பு. சிவப்பு அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. அந்த நெஞ்சில் தலைவைத்துத் தூங்கியவள் நான்.

"வேகத் துடிப்பைக் கிளப்பினாலே பிரஷர் விழுந்துருதும்மா. அதனால சாதாரணத் துடிப்புலயே தேடினோம். ஒரு வழிய அடைச்சாச்சு. இன்னொண்ணு இதயத்தோட வெளிப்பக்கம் இருக்கு. உள்ள இருந்து சூடு எட்டலை. உடம்பு தேறட்டும், வெளிப்பக்கமாப் போய்ப் பார்க்கலாம்."

கண் விழித்ததும் அவரிடம் அப்படியே சொன்னேன்.

"அப்ப பாதி வேலை பாக்கி" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்தபின் நன்றாகத்தான் இருந்தார். ஒன்பதாவது படித்த மகளைத் தினமும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். அடுத்த சிகிச்சைக்கும் நாள் குறித்தாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன்.

"புள்ள, கொஞ்சம் தண்ணி கொண்டா."

மிக்சியை நிறுத்திவிட்டு டம்ளரோடு வந்தேன். நாற்காலியில் தலை தொங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். பின் சீட்டில் என் கணவரைக் கிடத்தி, வழியெல்லாம் நெஞ்சை அமுக்கிக்கொண்டே போனேன். உள்ளூர் ஆஸ்பத்திரி வாசலில் அங்கிருந்த டாக்டர் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து விலக்கினார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. ஒரு நர்ஸ் பெண்.

"நாளைக்கு வெறும் வயித்துல கூட்டிட்டு வந்துருங்க."

"அவரு இல்லீங்க" என்றேன்.

"வெளிய போயிருக்காருங்களா? எப்ப வருவாருங்க?"

போனை மகளிடம் நீட்டினேன். அவள் வாங்கி, ஒவ்வொரு வார்த்தையாக விஷயத்தைச் சொன்னாள். அதுவரை அழாமல் இருந்த நான், சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.