இரண்டு விரற்கடை

சென்ற ஆண்டு சித்திரையில், கருங்குழியில் நடந்தது இது. எங்களிடம் ஒரே ஒரு லாரி. ஹாலோ பிளாக் கற்களை ஏற்றிப் போய், கல்பாக்கம், மாமல்லபுரம் பக்கம் கட்டட வேலை நடக்கும் இடங்களில் இறக்குவோம். ஆறு ஆண்டுகளாக ஒரே டிரைவர்தான்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வண்டி ஓட்டுவார். வெயிலில் கேபின் தரை காலைச் சுடுகிறது என்றார். தடிமனான தேங்காய்நார் மிதியடி ஒன்றை வாங்கி, அளவெடுத்து வெட்டி, இரண்டாக மடித்து, நகராதபடி பெடல்களுக்குக் கீழே நானே கட்டிவைத்தேன்.

மறுநாளிலிருந்து கியர் போடும்போது கரகரவென்று சத்தம். ரிவர்ஸ் போட்டால் இன்னும் மோசம். வண்டி பற்றிய எல்லாவற்றையும் தேதி போட்டு டைரியில் எழுதுவது என் வழக்கம். 'கிளட்சைச் சரியாக மிதிப்பதில்லை' என்று பதினோரு நாட்கள் எழுதினேன்.

"நல்லாதான் அண்ணாத்த மிதிக்கிறேன்" என்றார் அவர். நான் நம்பவில்லை. கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டி வந்தால், அடுத்த மாதம் முதல் வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

அன்று மாமல்லபுரத்திலிருந்து திரும்பும் வழியில், திருக்கழுக்குன்றத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு கியரை மாற்றிப் பார்த்தார். ஒவ்வொன்றும் வழுக்கிக்கொண்டு விழுந்தது. இன்ஜினை ஓடவிட்டு ரிவர்ஸ் போட்டார்; அதே சத்தம். கியர்பாக்ஸில் கோளாறு இல்லை, மிதித்தாலும் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்றார். கிளட்ச் ஆயில் அளவும் சரியாகவே இருந்தது. குனிந்து பெடலைக் கையால் அழுத்தியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், கீய மெத்தை போட்டு வச்சிகீறீங்க?"

மிதியடியை அறுத்து எடுத்ததும் பெடல் இன்னும் இரண்டு விரற்கடை இறங்கியது. ரிவர்ஸ் ஓசையில்லாமல் விழுந்தது. பெடல் கடைசிவரை போய் முட்டுவதாகவே டிரைவர் நினைத்திருக்கிறார். அது முட்டியது என் மிதியடியில்.

டைரியைப் புரட்டினேன். சத்தம் தொடங்கியதற்கு முந்தின நாள் பக்கத்தில் என் கையெழுத்து: 'மிதியடி கச்சிதமாகப் பொருந்தியது.'

டிரைவர் எட்டிப் பார்த்தார். "இதையும் எய்திக்க அண்ணாத்த" என்றார்.

அங்கேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மிதியடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, கால் சுடாமல் இருந்தது மட்டும் உண்மை என்றார்.

இன்றும் எங்கள் லாரியை அவர்தான் ஓட்டுகிறார். அந்தப் பதினோரு வரிகளை நான் அடிக்கவில்லை. யாரைப் பற்றியாவது குறை எழுதப் பேனாவைத் திறந்தால், முந்தின பக்கத்தைப் புரட்டி, அன்று நான் என்ன செய்தேன் என்று படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.