புரொமீதியஸின் தூக்கிய கை

1822 ஏப்ரல், முதல் ஞாயிறு. கோபன்ஹேகன் ஓவியக் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சியில் பாதி நகரமே நின்றது. அந்தக் கூட்டத்தில் மாஸ் யெப்ஸனும் நின்றார். வருங்காலச் சம்பந்தி லோரன்ட்ஸ், தன் மனைவியோடு மாஸையும் அவர் மகள் கிர்ஸ்டீனாவையும் கட்டாயப்படுத்தி அழைத்து வந்திருந்தார்.

மாஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கடல் உறைந்து கப்பல் வராத மாதங்களிலும், மற்றபடி மூட்டை வேலை கிடைக்காத நாட்களிலும், மாணவர்கள் பார்த்து வரைவதற்காகக் கழகத்தில் துணியில்லாமல் நிற்பார். வீட்டில் சொன்னது வேறு: அங்கே கணப்பு மூட்டுகிற வேலை. லோரன்ட்ஸ் ரொட்டிக் கடைக்காரர், தேவாலயத்தில் முன்வரிசைக்காரர். விஷயம் தெரிந்தால் மகள் கிர்ஸ்டீனாவின் கல்யாணம் என்னாகுமோ என்று மாஸுக்குப் பயம்.

ஆனாலும் துணிந்து வந்தார். கழகத்து வழக்கப்படி உடம்புதான் நிற்பவனுடையது. தலையைக் கிரேக்கச் சிலையிலிருந்து எடுத்து வைத்துவிடுவார்கள்.

அப்படித்தான் இருந்தது. தேவர்களிடமிருந்து நெருப்பைத் திருடிய புரொமீதியஸ் ஒரு கையை உயரத் தூக்கியபடி பாறையில் கட்டுண்டு நிற்கிறான். மேலே கழுகு, பின்னால் மின்னல், எல்லாம் கரிக்கோட்டில். முகம் யாரோ அழகனுடையது. மாஸுக்கு நிம்மதி.

லோரன்ட்ஸ் படத்தை உற்றுப் பார்த்துச் சிரித்தார்.

"இந்தக் கை பொய், சம்பந்தி. தினம் மாவு பிசையிறவன் சொல்றேன். இப்படித் தூக்கி வச்சா எவனும் தாங்க மாட்டான். வரைஞ்ச பையன் மனசுல தோணினதைக் கிறுக்கி வச்சிருக்கான்."

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். மாஸும் சிரித்திருக்கலாம். ஆனால் அப்படித் தூக்கி நின்ற பிறகு அவருக்கு அந்தக் கையால் பல நாள் கரண்டிகூடப் பிடிக்க முடியாமல் போயிருந்தது.

"தாங்கலாம். மேலேருந்து கயிறு தொங்கும். மணிக்கட்டுல சுத்திக்கிட்டு பாரத்தை இடது கால்ல போடணும்."

சொன்னதோடு நிற்கவில்லை. கையைத் தூக்கி, இடுப்பை ஒடித்து, கழுத்தைத் திருப்பிக் காட்டினார். சுவரில் இருந்த அதே ஆள், இப்போது கோட்டுப் போட்டு நின்றான். முகத்தை யாரும் தேடவில்லை.

லோரன்ட்ஸின் மனைவி சட்டென்று அடுத்த படத்து மாடுகளைப் பார்க்கத் திரும்பினாள். லோரன்ட்ஸ் குரலைத் தாழ்த்தினார்.

"கணப்பு மூட்டுறதா சொன்னீங்களே."

"அதுவும் செய்வேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிர்ஸ்டீனாவின் முகம் காது மடல் வரை சிவந்துவிட்டது. திரும்பும் வழியெல்லாம் அவள் முன்னால் நடந்தாள். பாலத்தருகே மட்டும் நின்றாள்.

"நீங்க நின்னது கூடப் பரவாயில்லப்பா. சும்மா இருந்திருக்கலாம்ல?"

 அத்தனை மாணவர்கள் முன்னால் நின்றபோது கூசாத மாஸின் உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டுக்குள் கூசியது.

மாப்பிள்ளை பிடிவாதக்காரன் என்பதால் கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்களெல்லாம் விருந்துக்கும் வருவார்கள். மாஸைப் பார்த்துச் சிரிப்பார்கள், அதனால் அவர் கல்யாணத்துக்கு வராமல் இருப்பது நல்லது என்று லோரன்ட்ஸ் சொல்லியனுப்பினார். சொல்ல வந்தவள் கிர்ஸ்டீனாவே. தரையைப் பார்த்துக்கொண்டு அவள் பாதி சொல்வதற்குள், அதுதான் சரி என்று மாஸ் முந்திக்கொண்டார்.

கல்யாணம் வரும் வெள்ளிக்கிழமை. அன்று கழகத்தில் மாஸ், டிராய்ப் போரில் செத்து விழுந்த ஹெக்டராகப் படுத்துக் கிடக்க வேண்டும். விடுப்புக் கேட்கவில்லை.