நாரந்தனைக்காரிக்கு ஒரு சோடா

நோர்வேயில் நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையின் இடைவேளை அறையில், சுவரோரப் பலகையில் கொளுக்கிகள் அடித்து ஆளுக்கொரு கோப்பை தொங்கவிட்டிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் இங்ரிட் என்ற பெண், என் பெயரைப் பிழையாக எழுதிய வெள்ளைக் கோப்பை ஒன்றைச் சிரித்தபடி கையில் தந்தாள். "இது உனக்கு மட்டும்தான்" என்றாள். எனக்கு முகம் கறுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து கணவரிடம், "எனக்குத் தனிக் கோப்பை வைச்சிட்டினம்" என்று சொல்லி அழுதேன். மேலாளரின் கோப்பையும் அதே பலகையில்தான் தொங்குகிறது என்பதைக் கவனிக்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது. அவரவர் கோப்பையை அவரவர் கழுவவேண்டும் என்பதைத் தவிர அதில் வேறு ஒரு விசயமும் இல்லை.

நான் ஏன் அழுதேன் என்று ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத் தீவில், எங்கள் ஊர் நாரந்தனையில், கிணற்றடி வேலியில் தண்ணீர் குடிக்க ஒரு அலுமினியப் பேணி தனியாகக் கவிழ்ந்திருக்கும். அது எந்தச் சாதி ஆட்களுக்கு என்பது, எனக்கு எழுத்துத் தெரிய முன்பே தெரியும். அதேபோல, காணி பூமி உள்ள நாங்கள் கடற்றொழில் செய்கிறவர்களின் வீட்டில் வாய் நனைப்பதில்லை. ஏன் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. குடிக்காமல் எழுந்து வருவது எப்படி என்றுதான் சொல்லித் தந்தார்கள். "இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்று முகம் கோணாமல் சொல்லவேண்டும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் நாகரிகம்.

வெளிநாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் புத்திமதி ஒன்று உண்டு. பெட்டியை இறுக்கிக் கட்டு, மனதைத் திறந்து வை என்பேன். சொல்வதற்குத் தகுதி இருக்கிறது என்றும் நினைத்திருந்தேன். இங்ரிட் வீட்டில் அவித்த ஆட்டுத்தலையில் பாதியை என் தட்டில் வைத்தபோது, அந்த ஆடு ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது, நானும் பார்த்தேன், சாப்பிட்டு முடித்தேன். இதை விடப் பெரிய காரியம், நான் வேலை மேசையில் ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில் நிற்பது. அவள் எங்கள் ஊருக்கு எதிரே இருக்கும் எழுவைதீவுப் பெண், கத்தோலிக்க வேதக்காரி, தகப்பன் வழி தாய் வழி எல்லாம் கடற்றொழில். அவளும் நானும் ஒரே கத்தியால் மீன் வெட்டி, ஒரே பிளாஸ்கில் கோப்பி குடித்து, மாறிமாறி வீடுகளில் சாப்பிட்டு எத்தனையோ வருசமாகிறது. அவளுடைய குசினியில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாங்கள் மாறிவிட்டோம் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இந்த முறை ஊருக்குப் போனபோது இங்ரிட்டும் வந்தாள். ஜெசிந்தா தன் தமக்கை திரேசம்மாவுக்கு ஒரு பொதி தந்துவிட்டாள். "அக்கா, நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ, அவ சந்தோசப்படுவா" என்றாள். ஊர்காவற்றுறையில் எழுவைதீவுக்குப் படகு ஏறினோம். இங்ரிட் தலைமயிர் பறக்க, எதிரில் இருந்தவர்களின் மீன்கூடைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்: தேத்தண்ணி தருவினம், குடிக்கவேணும். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஜெசிந்தா வீட்டுப் படியில் ஒருநாளும் நான் இப்படி நினைத்ததில்லை.

திரேசம்மா என்னை விடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். "வாங்கோ பிள்ளை, இருங்கோ" என்று முன்தானையால் இரண்டு கதிரைகளைத் துடைத்து வைத்தார். இங்ரிட் கதிரையைப் பார்க்கவே இல்லை. முற்றத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த அவருடைய கணவருக்குப் பக்கத்தில் மணலில் போய் இருந்துவிட்டாள். நான் கதிரையில் இருந்தேன். பொதியைக் கொடுத்தேன், ஜெசிந்தாவின் சுகம் சொன்னேன். திரேசம்மா உள்ளே போனார். அடுப்புப் புகையோடு இஞ்சி மணம் வந்தது.

இங்ரிட்டுக்குப் பெரிய கோப்பையில் தேத்தண்ணியும், கடிக்க ஒரு துண்டு பனங்கட்டியும் வந்தன. எனக்கு ஒரு சோடாப் போத்தல் வந்தது. வாளித் தண்ணீரில் ஊறிக் குளிர்ந்திருந்தது. மூடியை உள்ளே திறக்காமல் கொண்டுவந்து, என் கண்ணுக்கு முன்னால் திறந்து, வாய்ப்பக்கத்தில் கை படாமல் நீட்டினார். எங்கள் ஆட்கள் வந்தால் அவர்கள் செய்யும் மரியாதை அது. கடையில் அடைத்த மூடி, அவர்கள் கை பட்ட பாத்திரம் இல்லை, ஒருவருக்கும் பழுதில்லை.

எனக்குக் கோபம் வந்திருக்கலாம், துக்கம் வந்திருக்கலாம். வந்தது நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. அதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது. "எனக்கும் தேத்தண்ணி தாங்கோ" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். குசினி பத்தடி தூரத்தில்தான் இருந்தது. நான் போத்தலை வாங்கி மடக்கு மடக்கென்று குடித்தேன்.

இங்ரிட் கண்ணடித்தாள். "நீதான் முக்கியமான விருந்தாளி போலிருக்கிறது. உனக்குக் கடையில் வாங்கியது, எனக்கு வீட்டில் போட்டது" என்று தன் மொழியில் பகிடி விட்டாள். நான் ஓமென்று தலையாட்டினேன். அவள் விடவில்லை. தன் கோப்பையை என் பக்கம் நீட்டி, "ஒரு வாய் குடித்துப் பார், அருமையாக இருக்கிறது" என்றாள்.

"இப்போதுதான் குடித்தேன்" என்றேன்.

எங்கள் ஊரின் அந்தப் பழைய வசனத்தை நான் நோர்வேக்காரரின் மொழியில் சொன்னது அதுதான் முதல்முறை. பிழையில்லாமல் வந்தது. திரேசம்மாவுக்கு மொழி விளங்கியிருக்காது. ஆனால் நீண்ட கோப்பை திரும்பிப் போனதை அவர் பார்த்தார். பிறகு கோழிகளைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்தப் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டோ எண்டு கேளுங்கோ" என்றார்.

திரும்பி வந்து வேலைக்குப் போன முதல் நாள், இடைவேளையில் ஜெசிந்தா பிளாஸ்கைத் திறந்தபடி கேட்டாள்.

"அக்கா வீட்டில நல்லாப் பாத்தவையே?"

"ஓம். சோடா தந்தவ."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். தமக்கை அப்படிச் செய்துவிட்டாளே என்று அவள் வருந்துவாள், அல்லது நான் ஏன் அதைக் குடித்தேன் என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"நான்தான் வாங்கி வைக்கச் சொன்னனான்" என்றாள்.

"ஏன் ஜெசிந்தா? நான் உம்மட வீட்டில குடிக்கிறனான்தானே?"

"இஞ்ச குடிப்பீங்கள் அக்கா. அங்க உங்களுக்கு ஏலாது எண்டு எனக்குத் தெரியாதோ? வீணாய்ச் சங்கடப்படப் போறீங்கள் எண்டுதான்."

அவள் குரலில் கோபம் இல்லை. குளிருக்குக் கையுறை எடுத்துத் தருகிறவள் போல எனக்காக யோசித்திருக்கிறாள். இத்தனை வருசமும் என் பக்கத்தில் நின்று மீன் வெட்டியபடி, என்னை முழுதாக அறிந்துகொண்டு, அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் கோப்பி ஊற்றித் தந்திருக்கிறாள். மனதைத் திறந்து வை என்று நான் ஊருக்குச் சொன்ன புத்திமதியை அவளும் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறாள்.

அன்றும் ஊற்றினாள். குடித்தேன். பிறகு எழுந்து போய், பெயர் பிழையாக எழுதிய என் கோப்பையை நானே கழுவிக் கொளுக்கியில் மாட்டினேன். எங்கள் ஊர்க் கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற எழுவைதீவில், நான் குடித்துவிட்டு வைத்த வெறும் போத்தல் கிடக்கும். அதை ஒருவரும் கழுவத் தேவையில்லை.