முப்பத்தோராம் பக்கத்து அம்பு

என் வீட்டுக்காரர் அங்கமுத்து முப்பத்திரண்டு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். தைத்து வந்த பனியனை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டையோ கறையோ இருக்கிற இடத்தில் சின்னதாய் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அதுதான் வேலை. ஆள் ரிட்டயர் ஆகிவிட்டார், அந்தக் கண் ஆகவில்லை. நான் சுடுகிற தோசையைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிய்ப்பார். அந்தப் பார்வையோடு குடும்பம் நடத்தியதற்கு எனக்குத்தான் மாலை போட வேண்டும்.

அப்படிப்பட்டவர் போன வருஷம் குடும்ப வரலாறு எழுதுகிறேன் என்று உட்கார்ந்தார். எட்டு மாதம் எழுதினார். கேஸ் சிலிண்டர் தீர்ந்தால்கூட எழுந்திருக்க மாட்டார். அறுபத்திரண்டு பக்கம், சுருள் கம்பி பைண்டிங், அட்டையில் கோட்டுப் போட்ட அவர் படம். இருபத்தைந்து காப்பி எடுத்து, குலதெய்வம் கோவில் பொங்கலுக்கு வந்த சொந்தங்களுக்கு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். ஒவ்வொரு புத்தகத்தோடும் ஒரு தாள் அம்பு ஸ்டிக்கரையும் சேர்த்துக் கொடுத்தார்.

"தப்பு இருந்தா ஒட்டிக் குடுங்க. தரமா இருக்கோணுமில்லீங்களா?"

"ஏனுங்க, நம்ம சனத்தப் பத்தித் தெரிஞ்சுமா இந்த வேலை பாக்கறீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஒரு அம்பு வராது பாரு ஜோதி. அக்கா படிச்சுட்டு, நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் எனக்கு."

அக்கா என்றால் என் நங்கையா சென்னம்மாள். இவருக்கு நாலு வயது மூத்தவர், திருமுருகன்பூண்டியில் மகன் வீட்டில் இருக்கிறார்.

ஒரு வாரத்தில் புத்தகங்கள் திரும்ப ஆரம்பித்தன. அட கருமமே! ஒவ்வொன்றிலும் வேர்க்குரு மாதிரி சிவப்பு. காங்கேயத்துப் பெரியப்பா மகன் மகுடேஸ்வரன், 'எங்கள் பெரியப்பாவின் காளை கிணற்றில் விழுந்தது' என்ற வரிக்கு மட்டும் ஐந்து அம்பு ஒட்டி, போனும் போட்டான்.

"எங்க காளை உழுகலீங்ணா. தண்ணி குடிக்கக் குதிச்சுது. காங்கேயம் காளைக்குக் கண்ணு தெரியாதுன்னு ஊர்ல பேச மாட்டாங்களா?"

பல்லடத்துச் சித்தி எழுத்துப் பக்கமே போகவில்லை. பழைய கல்யாணப் போட்டோவில் தன் ஓரகத்தி கட்டியிருந்த சேலைமேல் அம்பை ஒட்டி, 'இது என் சேலை. வாங்கிக் கட்டினவள் இன்னும் திருப்பித் தரவில்லை' என்று எழுதியிருந்தார். இன்னொரு வீட்டில் ஸ்டிக்கர் பத்தவில்லை, இன்னொரு தாள் வேண்டுமாம்! இவர் ஒவ்வொருவரோடும் மல்லுக்கு நின்றார்.

பூண்டியிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. இவர் போனை எடுப்பார், வைப்பார்.

"அக்கா அஞ்சாவதோட நின்னுக்கிச்சு. எழுத்துக் கூட்டித்தான் படிக்கும்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார்.

இருபதாம் நாள் நங்கையாவே பஸ் ஏறி வந்துவிட்டார். காபியைக் குடித்து முடித்து, மஞ்சப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினார். மொத்தமும் ஒரே ஓர் அம்பு. இவர் சிரித்துக்கொண்டே முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து சத்தமாகப் படித்தார். "யாருடைய உதவியும் இன்றி, என் விடாமுயற்சியால் மட்டுமே பத்தாம் வகுப்பு..." அந்த வரியில்தான் அம்பு இருந்தது; நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"உன்னையப் படிக்க வெக்கோணும்னுதான என்னைய நிறுத்துனாங்க கண்ணு" என்றார் நங்கையா. "பதினோரு வயசுல பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போனேன். தொங்கற நூலையெல்லாம் வெட்டி வெட்டி வெரலு காச்சுப் போச்சு. உன்ற டவுசருல இருந்து பரீட்சைப் பேனா வரைக்கும் அதுலதான் வந்துச்சு. அதக்கூட உடு. என்ற மருமக இதப் படிச்சுட்டு, 'ஏனுங்கத்தை, உங்க தம்பியே யாரு உதவியும் இல்லைன்னு எழுதியிருக்காரு, இத்தன நாளாப் பொய்யா சொன்னீங்க?'ன்னு கேட்டுப்போட்டா. அதுதான் ஒட்டுனேன். நீதான ஒட்டச் சொன்ன?"

எனக்கு இவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அச்சுக்குப் போகுமுன் நானும்தான் படித்தேன், எனக்கும் உறைக்கவில்லை, அந்த வெட்கம் வேறு.

"நான் பாக்காம உட்டுட்டனேக்கா" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. அப்புறம் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார். "மொத்த லாட்டும் ரிஜெக்ட்!"

சொந்தக்காரர்கள் வைத்திருந்த மிச்சக் காப்பிகளையும் வீடு வீடாகப் போய் வாங்கி வந்தார். தன் காளைக்காகத்தான் இவ்வளவும் என்று மகுடேஸ்வரன் காங்கேயம் பூராவும் சொல்லி வைத்திருக்கிறான். புதுப் புத்தகத்திலும் காளை விழத்தான் செய்கிறது. முப்பத்தோராம் பக்கம்தான் மாறியது: 'என் அக்கா சென்னம்மாள் பதினோரு வயதில் படிப்பை விட்டுப் பிசிறு வெட்டப் போனார். அதனால்தான் நான் பத்தாம் வகுப்பு தேறினேன்.'

முதல் காப்பியோடு இரண்டு பேரும் பூண்டிக்குப் போனோம். நங்கையா விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். இவர் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார். நல்லா இருக்குது என்று நங்கையா சொல்லவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பி மருமகளைக் கூப்பிட்டார்.

"பிரியங்கா, இங்க வா கண்ணு. இந்தப் பக்கத்த வாய்விட்டுப் படி."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மெதுவாக ஆரம்பித்தாள்.

"சத்தமாப் படி கண்ணு. பக்கத்து ஊட்டுக்கும் கேக்கட்டும்."