அட்டை அடுக்கிய பின்னறை

நவம்பர் பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. மழைக்காலம் என்று பெயர்தானே தவிர, இரண்டு வாரமாக ஒரு துளி விழவில்லை. காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. வெயிலைப் பற்றி முதலிலேயே எழுதக் காரணம் உண்டு. அன்று எழுந்த வழக்கில் அதுவே எதிர்த்தரப்புச் சாட்சியாயிற்று.

எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் விளக்குக்கடையில் மின்விசிறி, குழல்விளக்கு, சுவிட்சு, ஒயர் எல்லாம் கிடைக்கும். முன்னால் கடை, அதன் பின்னால் ஓர் அறை, ஒருவர் ஏறினால் மற்றவர் காத்திருக்க வேண்டிய குறுகிய படிக்கட்டுக்கு மேலே, கணவனும் மனைவியும் குடியிருக்கும் வீடு. மாதிரி விசிறியை மாட்டுவதற்காக ஏணியில் ஏறிய கடைக்காரர், சென்ற மாதம் தவறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இனி மூன்று மாதத்துக்குப் படி ஏறக் கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. ஆகவே, அன்று மாலை வீடு திரும்பும் அவர் பின்னறையில்தான் படுத்தாக வேண்டும்.

பின்னறையிலோ அட்டை படுத்திருந்தது.

அதைச் சேர்த்தவர் அவருடைய மனைவி. தெருவில் எல்லோருக்கும் அவர் அக்கா. என்னைவிட வயதில் இளையவர் என்றாலும் நானும் அப்படித்தான் அழைக்கிறேன். ஒவ்வொரு விசிறியும் ஓர் அட்டைப்பெட்டியில் வருகிறது. பத்து விசிறிப் பெட்டிகள் ஒரு பெரிய பெட்டிக்குள் வருகின்றன. வாங்குபவர்களில் பாதிப்பேர் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். முன்பெல்லாம் அவற்றைக் குப்பை வண்டியில் போடுவார்கள். கடைக்குப்பைக்கு மூட்டைக் கணக்கில் கட்டணம் என்று வந்தபின், அக்கா அட்டையைத் தனியே பிரிக்கத் தொடங்கினார். கட்டணம் மிச்சம், பழைய அட்டை வியாபாரி எடைக்குக் கொடுக்கும் பணம் வரவு. தொடக்கத்தில் இது நல்ல ஏற்பாடாகவே இருந்தது.

ஆனால் அந்த வேலை எளிதன்று. கடையைச் சாத்தியதும் அக்கா தரையில் உட்கார்ந்து, கத்தியால் ஒட்டுநாடாவைக் கிழிப்பார். குறடால் கம்பிப் பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். தெர்மோகோலைத் தனியே எடுப்பார். பெட்டியைத் தட்டையாக்கி, முழங்காலால் அழுத்திச் சணல்கயிற்றால் கட்டுவார். வலது மணிக்கட்டு வீங்கியே இருக்கும். பக்கத்துக் கடைத் தையற்காரர் தம் பெட்டிகளையெல்லாம் குப்பை வண்டியில் வீசிவிட்டு, வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்.

"அக்கா, வெளியில விளக்குக்கடைன்னு போர்டு. உள்ள பாத்தா பெட்டிக்கடையால்ல இருக்கு."

"நீ தச்ச சட்டையும் வெளியிலேருந்து பாத்தா சட்டையாத்தான் தம்பி இருக்கு. போட்டுப் பாத்தாத்தான் தெரியுது."

வியாபாரியின் வேன் முழுச் சுமை சேர்ந்தால்தான் வரும். கோடையில் விலை இறங்கியது. "கொஞ்சம் பொறுங்க அக்கா, ஏறினதும் சொல்றேன்" என்றார் வியாபாரி. அக்கா பொறுத்தார். அட்டை முதலில் சன்னல் வரை வந்தது. பிறகு சன்னலை மறைத்தது. கணவர் விழுந்த பிறகு, பகலில் கடையும் மற்ற நேரத்தில் மருத்துவமனையுமாக அலைந்ததில் பின்னறையை நினைக்கவே அவருக்கு நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாக வாக்களித்த வியாபாரியும் வரவில்லை.

திங்கட்கிழமை மாலை, கடைக்காரரின் தங்கை வந்து அறையை எட்டிப் பார்த்தார். ஊரின் மறுகோடியில் மகன் குடும்பத்தோடு வசிப்பவர். நாக்கில் எப்போதும் சிறிது மிளகு இருக்கும்.

"அண்ணி, உங்க வீட்ல அட்டைக்கு இடமிருக்கு. அண்ணனுக்குத்தான் இல்ல."

"நாளைக்கு எடுத்துடுவாங்கம்மா."

"எடுக்கலைன்னா ஆஸ்பத்திரியிலேருந்து நேரா எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் என் மேல வருத்தப்படாதீங்க. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க?"

அக்கா மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். கடையைப் பூட்டிவிட்டு ஊரின் மறுகோடிக்குத் தினமும் போக முடியாது. பூட்டாமல் போகவும் ஆள் இல்லை. கணவரை அங்கே அனுப்பினால் வாரத்துக்கு ஒருமுறைதான் அவர் முகத்தைப் பார்க்கலாம். முப்பது ஆண்டுகளாக ஒரே மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து வியாபாரம் செய்தவர்கள் அவர்கள்.

செவ்வாய்க்கிழமை, ஒருவழியாக வேன் வந்தது. வியாபாரியும் சுமைதூக்குபவரும் மேலடுக்கிலிருந்து கட்டுகளை இறக்கினார்கள். கால் பங்கு வெளியேறியபோது, வியாபாரி கீழே குனிந்து, தரையையொட்டி இருந்த ஒரு கட்டின் நடுவில் விரல்களை நுழைத்தார். கையை வெளியே எடுத்து முகர்ந்தார். அட்டையின் அடிப்பாகம் கறுத்து, கூழாகிக் கையோடு வந்தது.

"என்னக்கா இது?"

"என்னண்ணே?"

"தண்ணி. அடி வரிசை பூரா தண்ணி குடிச்சிருக்கு."

"மழையில..."

"மழையா? ரெண்டு வாரமா வெயில் மண்டையைப் பொளக்குது. உங்க கூரையிலயும் ஒழுக்கு இல்ல. எடை ஏறட்டும்னு தண்ணி அடிக்கிறதை நான் பாத்ததே இல்லைன்னு நெனச்சீங்களா? உங்ககிட்ட இதை எதிர்பாக்கல."

ஒயர் அளவில் குறை வைத்தவர், பழைய சரக்கைப் புதிதென்று விற்றவர் என்று இத்தனை ஆண்டில் யாரும் அக்காவைச் சொன்னதில்லை. கோபப்படவாவது தெம்பு வேண்டும். அதுகூட இல்லாதவர்போல் மெல்லச் சுவரில் சாய்ந்தார். அப்போது அவருடைய பார்வை அறை மூலையில் இருந்த ஒரு தகர டப்பாவில் விழுந்தது. அடியில் ஆணியால் துளையிட்ட டப்பா அது.

உண்மை அந்த டப்பாவில் இருந்தது. அட்டைத் தூசி கடைக்காரருக்கு ஆகாது. தும்மலில் தொடங்கி இருமலில் முடியும். அதனால் அக்கா அந்த டப்பாவில் தண்ணீர் ஊற்றி, தரையில் தெளித்துத் தூசியை அடக்கிய பிறகே பெருக்குவார். தரை இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும். அட்டை காயாது. அது சிமெண்டுத் தரையிலிருந்து சிறிது சிறிதாக நீரை உறிஞ்சி, ஆறு மாதமாக அடிவயிற்றில் சேர்த்துக்கொண்டிருந்தது. முன்வரிசை மட்டும் காற்றுப்பட்டு உலர்ந்திருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

அதை அவர் திக்கித் திக்கிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் வந்துவிட்டார். வியாபாரியின் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"ஏங்க, இவங்களைப் பாத்தா தண்ணி அடிச்சு எடை ஏத்துற ஆளு மாதிரியா இருக்கு? இவங்க தண்ணி தெளிக்காம ஒரு இடத்தைப் பெருக்கி நான் பாத்ததில்ல. எங்கண்ணன் தலையில தெளிக்காததுதான் பாக்கி."

வியாபாரி டப்பாவை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அவருடைய குரல் இறங்கியது. "நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும். பேப்பர் மில்லுல கேட்டைத் தாண்டினதும் கம்பியை விட்டுக் குத்திப் பாப்பான். ஈரம்னா ஈரம்தான், ஏன் வந்துச்சுன்னு கேக்க மாட்டான். பிரிச்சுக் காயவச்சு, காஞ்சதை மட்டும் கட்டி வைங்க. அடுத்த வாரம் வந்து முழு விலைக்கு எடுக்கிறேன். இன்னைக்கே போகணும்னா மொத்தமும் பாதி விலை."

ஆறு மாத மாலைகள் அந்தக் கட்டுகளில் இருந்தன. அக்கா தம் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார், நாத்தனாரைப் பார்த்தார், பிறகு வியாபாரியிடம் திரும்பினார்.

"பாதிக்கே எடுத்துக்குங்க. ஒரு துண்டு மிச்சம் வைக்காதீங்க."

"யோசிச்சுச் சொல்லுங்கக்கா."

"யோசிச்சு யோசிச்சுத்தான் ரூம் நிறைஞ்சுது."

நண்பகலுக்குள் அறை காலியாயிற்று. சன்னல் திறந்தது. தரையில், அட்டை இருந்த இடம் நாட்டு வரைபடம்போல் கறுத்து ஈரமாகக் கிடந்தது. சுவரின் அடியில் பூஞ்சணம் பூத்திருந்தது. நாத்தனார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரைத் தேய்த்தார்; வாய் மட்டும் ஓயவில்லை. தையற்காரரும் சுமைதூக்குபவரும், படிக்கட்டின் திருப்பத்தில் இரண்டு முறை மாட்டிக்கொண்டு, மாடியிலிருந்து கட்டிலை இறக்கினார்கள். அட்டைக்கு வந்த பணத்தில் பெரும்பகுதி சுமைதூக்குபவரின் கூலிக்குப் போனது. பழமொழி பலித்துவிட்டதை நாத்தனார் கவனித்தார். ஆனால் வாய் திறக்கவில்லை. அவர் அந்த வீட்டுக்குச் செய்த பெரிய உதவி அதுவே என்பது என் கருத்து.

தரை காயவில்லை. அக்கா கடையிலிருந்து புதிய நிற்கும் விசிறி ஒன்றை எடுத்துவந்து பிரித்து, முழு வேகத்தில் ஓடவிட்டார்.

மாலையில் கடைக்காரர் வந்து சேர்ந்தார். அவரை மெல்ல நடத்திக்கொண்டுவந்து கட்டிலில் படுக்கவைத்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார்.

"நம்ம வீட்ல இங்க ஒரு சன்னல் இருந்துச்சா?"

"இருந்துச்சு. படுங்க."

"அட்டையெல்லாம் போயிடுச்சா? நல்ல விலையா?"

"போயிடுச்சுங்க" என்றார் அக்கா. விலையைச் சொல்லவில்லை, அவரும் மறுபடி கேட்கவில்லை. அவர் ஒருமுறைகூடத் தும்மவில்லை என்பதை அக்கா கவனித்திருக்க வேண்டும். சிறிது நேரம் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கட்டிலின் காலடியில் உட்கார்ந்தார். நாத்தனார் தம் அண்ணனுக்காகக் கொண்டுவந்திருந்த தலையணையை அங்கேயே வைத்துவிட்டுப் பேருந்துக்குக் கிளம்பினார்.

அந்த விசிறியின் வெற்றுப்பெட்டி வாசற்படியருகே கிடந்தது. அக்கா அதைப் பக்கத்தில் இழுத்துக் கத்தியால் நாடாவைக் கிழித்தார், குறடால் பின்களைப் பிடுங்கினார், தட்டையாக்கினார். பழக்கம் கையில் இருந்தது. மடித்ததை அறைக்குள் வைக்கவில்லை; எழுந்துபோய்க் கடை வாசலில் சாத்தினார். வாசலில் தையற்காரர் இரண்டு வெற்றுப்பெட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். இம்முறை அவர் கேலி செய்யவில்லை.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. இதைச் சேக்குறதுல நம்மள மாதிரி சின்னக் கடைக்கு ஏதாச்சும் லாபம் இருக்கா?"

அக்கா படியில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வாரா வாரம் போயிட்டா இருக்கு தம்பி. வச்சிருந்தா இல்ல."