தலை எண்ணிக்கொண்டே ஏறிய அருவி

சின்னப் பிள்ளைகளின் வாத்தியார் பாடத்தை மறந்தாலும் மறப்பார், தலை எண்ண மறக்க மாட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், சென்னை ராயபுரத்து மீனவர் தெருப் பள்ளியில் எனக்கு அந்த உத்தியோகம். பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிப்போய் அவதிப்பட்டவர்களே, உங்களுக்காகத்தான் இது. வடக்கே தடாவுக்கு ரயிலேறி, அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்து, மலையருவி பார்க்கப் போன கதை.

அம்மாவின் அனுமதி

அந்தோணி வகுப்பிலேயே சின்னவன். அருவி அருவி என்று என் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா மீன் விற்கிறவள். மலையில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். தண்ணீர் என்றேன். கடல் காட்டாததை அது காட்டும் என்று பெருமையாக வேறு சொல்லிவைத்தேன்.

"வாசல்ல இம்மாங் கடலு கீது, தண்ணி பாக்க ரயிலேறிப் போவணுமா? சரி, இட்டுகினு போ. அப்டி இன்னாத்த காட்டிச்சின்னு அவன் வந்து சொல்லட்டும்."

கட்டுச்சோறு

ஆக, என் மானம் அந்தோணியின் கையில். மலையடிவாரத்தில் வண்டியை விட்டு இறங்கியதுமே குரங்குகள் வந்துவிட்டன. என் இட்லிப் பொட்டலம் மரத்துக்குப் போயிற்று. பிள்ளைகளின் மூட்டைகளையும் பிரித்துப் பார்த்தன. எல்லாவற்றிலும் சோறும் கருவாடும். முகர்ந்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டன. நான் பசியோடு நின்றேன். கூட வந்த ரோஸி டீச்சர் ஒரு மூட்டையை என் பக்கம் நகர்த்தினார்.

"குரங்குக்கு ருசி தெரியாதது நம்ம அதிர்ஷ்டம் சார், சாப்பிடுங்க."

பூட்ஸ்

மலைக்கென்று புதிதாக பூட்ஸ் வாங்கியிருந்தேன். பாதை முழுக்க ஓடையும் பாசி பிடித்த பாறையும்தான். ஈரக் கட்டுமரத்தில் ஓடி விளையாடிய பிள்ளைகள் வெறுங்காலோடு தாவிப் போனார்கள். அவர்களைப் பத்திரம் பத்திரம் என்று எச்சரித்த நான்தான் திரும்பத் திரும்ப வழுக்கி உட்கார்ந்தேன். மைக்கேல் என்ற பெரிய பையன் என்னைத் தூக்கிவிட்டான்.

"அத்த அவுத்துடு சார். அதுக்கு இன்னும் நடக்கத் தெரில."

கடைசிப் பாறை

அருவியின் இரைச்சல் கேட்டதும் அந்தோணி உட்கார்ந்துவிட்டான். அலைக்குள் தலைகீழாகப் பாய்கிற பயல், இங்கே நடுங்கினான். கடல் கீழே இருக்கிறது, இங்கே தண்ணீர் மேலே அல்லவா இருக்கிறது, விழுந்தால் எங்கே ஓடுவது என்று அழுதான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, ரயிலைப் பிடிக்க வேண்டும். அவன் டீச்சரோடு இருக்கட்டும், மற்றவர்கள் வாருங்கள் என்றேன். யாரும் நகரவில்லை. எல்லோரும் அவனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. மைக்கேல் நிதானமாக விளக்கினான்.

"ஒரே கட்டுமரத்துல வந்தோம் சார். ஒருத்தன வுட்டுட்டு மீனப் பங்கு பிரிக்க மாட்டாங்க."

நானும் அவர்களோடு உட்கார்ந்தேன். அந்தோணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, தூக்கிப்போங்கள் என்றான். கரையேறிய கட்டுமரத்தைச் சுமப்பதுபோல் தோளில் வைத்துக்கொண்டு, ஐலசா போட்டபடி கொண்டுபோனார்கள். சாரல் முகத்தில் அடித்ததும் கண்ணைத் திறந்தான். அதன்பிறகு அவனை அங்கிருந்து கிளப்பத்தான் பெரும்பாடு.

அம்மாவின் விசாரணை

ராயபுரம் ஸ்டேஷனில் அவன் அம்மா காத்திருந்தாள். என்னை விட்டுவிட்டு நேராக மகனிடமே கேட்டாள், அப்படி என்னதான் காட்டியது என்று. அவன் யோசித்தான்.

"நம்ம கடலு படுத்துகினு கீதும்மா. அங்க தண்ணி எய்ந்து நின்னுகினு கீது."

அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டாள், ஆனால் அருவி எப்படி இருந்தது என்று நீங்கள் மட்டும் என்னைக் கேட்டுவிடாதீர்கள், நான் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.