முப்பத்தெட்டாவது படகு

இனயத்துக்குப் பக்கத்துக் கரை ஒன்றில், விசைப்படகுச் சங்க அலுவலகத்தில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் இருப்பவள் சுபிதா. பாலிடெக்னிக் முடித்தவள், கணவன் ஆன்ஸ்லின் ஆழ்கடலுக்குப் போகிறவன். எந்தப் படகில் யார் போனார்கள், என்றைக்குப் போனார்கள், அதன் சாட்டிலைட் போன் எண் என்ன, எல்லாவற்றையும் அவள்தான் டேட்டாபேஸில் ஏற்றுவாள். நோட்டில் எழுதுவதைப் போன வருஷமே நிறுத்திவிட்டார்கள்.

ஞாயிறுதோறும் காலை எட்டரைக்கு அந்த டேட்டாபேஸ் தானாகவே தன்னைச் சரிபார்த்து, ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். ஐந்து வாரமாக அது பாதியில் நின்றது. திங்கட்கிழமை வந்து சிவப்பு எழுத்தைப் பார்ப்பாள்; அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று விட்டுவிடுவாள். இப்போதும் அந்தத் திங்கட்கிழமைகளை நினைத்துத்தான் மருகுகிறாள்.

ஒரு வியாழன் மதியம் புயல் எச்சரிக்கை வந்தது. கடலில் நாற்பத்தோரு படகுகள். பட்டியல் திறக்கவில்லை.

டிஸ்கில் இடமே இல்லை. ஐந்து அரைகுறை நகல்கள் அடைத்துக்கொண்டு கிடந்தன. அழித்தாள். அப்போதும் பட்டியல் சிதைந்திருப்பதாகவே காட்டியது. சரிசெய்ய நாற்பது நிமிடம் ஆகும். அதுவும் பாதியில் நின்றால் பட்டியலே போய்விடலாம். கடைசி முழு நகல் ஐந்து வாரம் பழையது. ஆன்ஸ்லினோ போன திங்கட்கிழமைதான் வேறொரு படகில் ஏறியிருந்தான். அந்தப் படகின் எண்ணை அவளே தட்டி ஏற்றினாள். வேறெங்கும் குறித்து வைக்கவில்லை.

நகல் ஏன் பாதியில் நிற்கிறது என்று தெரியாமல் சரிசெய்யத் தொடங்கப் பயந்தாள். நகல் எடுப்பின் பழைய பதிவுகளைப் பார்த்தாள். ஐந்து ஞாயிறும் எட்டு ஐம்பதைத் தாண்டவில்லை. பிழை என்று ஒன்றுமே இல்லை. எழுதிக்கொண்டிருந்த வரி நடுவில் அறுந்திருந்தது.

வெளியே தென்னை ஓலைகள் ஒரே பக்கமாகச் சாயத் தொடங்கின. சங்கத்தின் காவலாளி ஜான்ரோஸ் உள்ளே வந்தார்.

"பிள்ளே, எழும்பு. காத்து பிடிச்சாச்சு. மெயின் சுவிச்ச இழுத்து அணைக்கணும்."

"என்னத்துக்கு மாமா?"

"கரண்டு கோளாறுல வலைக் கொட்டகை எரிஞ்சத மறந்துட்டியா? அண்ணைக்கு எல்லாரும் பூசையிலல்லா நின்னோம். அதுக்குப் பொறவு ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவும்ப எல்லா மெயினையும் இழுத்துட்டுத்தான் போவேன். வந்து திரும்பப் போட்டும் விடுவேன். கடலுக்கு ஆள் போவாத நாளு, கரண்டுக்கு என்ன சோலி?"

"எத்தன வாரமா?"

"அஞ்சு இருக்கும்."

யு.பி.எஸ் பத்து நிமிடம் தாங்கும். பிறகு கம்ப்யூட்டர் அணைந்துவிடும். மின்சாரம் வந்ததும் தானே எழுந்துகொள்ளும். திங்கட்கிழமை வருகிற அவளுக்கு எப்படித் தெரியும்?

"மாமா, நாப்பது நிமிசம். அந்த சுவிச்ச ஒருத்தரும் தொடப்பிடாது. நீங்களும்."

"தீப்பிடிச்சா?"

"பிடிக்கட்டு."

"ஒனக்க மாமியாரு சும்மா சொல்லல்ல. நாக்கு நீளந்தான் ஒனக்கு," என்றார் ஜான்ரோஸ். ஆனால் சுவிட்ச் போர்டுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

சுபிதா சரிசெய்யும் வேலையைத் தொடங்கினாள். முப்பத்தோராவது நிமிடத்தில் விளக்கு ஒருமுறை மங்கியது. மறுபடி எரிந்தது. நாற்பதாவது நிமிடத்தில் பட்டியல் திறந்தது.

கரையை விட்டுப் போய் அதிக நாளான படகு முதலில் இருந்தது. ஆன்ஸ்லினின் படகு முப்பத்தெட்டாவது.

"ஏட்டி, மொதல்ல அவனக் கூப்பிடு."

"தூரத்துல கெடக்கவங்களுக்குத்தான் மாமா மொதல்ல."

ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

"ஆரு, சுபிதாவா? இப்பந்தான் வலையில மீனு கேறுது."

"மீன விடுங்கண்ணே. கரைக்கு வாருங்க."

முப்பத்தேழு படகும் எடுத்தன. முப்பத்தெட்டு எடுக்கவில்லை. மணி அடித்து ஓய்ந்தது. குரலை மாற்றாமல் முப்பத்தொன்பதைக் கூப்பிட்டாள். நாற்பது, நாற்பத்தொன்று. எல்லாம் எடுத்தன.

நாற்பது நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. ஜான்ரோஸ் சுவிட்ச் போர்டை விட்டு நகரவில்லை.

சுபிதா முப்பத்தெட்டாவது எண்ணை மறுபடி அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது.